பால் காய்ச்சாத வீட்டின் வாக்காளர்

"கண்ணாடியைப் பார். வடிவாப் பார். இப்ப இடப்பக்கம் சிக்னல் போடு. அது சரி, பதிஞ்சிட்டியோ?"

கடைசிக் கேள்விக்கும் கார் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பது ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் ஆளுக்குத் தெரியாது. லைசன்ஸ் பரீட்சைக்கு நாள் எடுத்தாயிற்றா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "ஆமா அங்கிள், அடுத்த மாசம்" என்று பதில் வரும். "அதில்லை தம்பி, வாக்காளர் இடாப்பில. வோட் போடுறதுக்கு" என்பார் குலசிங்கம். அதற்குள் எதிரே சிவப்பு விளக்கு விழுந்திருக்கும். பழகுகிறவர் குழம்பிப்போய் அதைக் கவனிக்க மாட்டார். குலசிங்கத்தின் வலது கால் தன் பக்கத்துப் பிரேக்கில் இறங்கும். கார் குலுங்கி நிற்கும். "பாத்தியே, அரசியல் கதைச்சால் விபத்துத்தான்" என்று அவரே சிரிப்பார்.

மற்றவர்கள் ஓட்டும் காரில் இடப்பக்கம் அமர்ந்தே பிழைப்பு நடத்துகிறவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், பூமியின் தென்கோடியிலுள்ள இந்த நாட்டுக்குக் குடிவந்தவர்; வயது எழுபதை நெருங்குகிறது. லின்ஃபீல்ட் பக்கத்துத் தமிழர்களில் அவரிடம் கார் பழகாத குடும்பம் குறைவு. காரின் கூரையில் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் 'எல்' எழுத்து, பின்னால் ரிவர்ஸ் பழக்குவதற்கென்று ஒரு பெட்டி நிறையச் செம்மஞ்சள் கூம்புகள். இவை எல்லாவற்றையும்விட, அவர் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக்தான் அவருடைய மூலதனம். கால் அதை விட்டு அகலாது. புதுச் சப்பாத்து வாங்கினால் முதலில் தேய்வது வலது காலின் அடிதான். மனைவி கௌரி ஓட்டும் காரிலும், பஸ்ஸிலும், ஒருமுறை விமானத்திலும்கூட அந்தக் கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியிருக்கிறது. வீட்டில் செய்தி பார்க்கும்போது யாராவது அரசியல்வாதி பைத்தியக்காரத்தனமாக விசர்க்கதை சொன்னால் கம்பளத்தை அழுத்தும்.

தன்னைப் பற்றிப் பேசும்போது அவருக்கு 'நான்' என்ற சொல் சுலபத்தில் வராது. "குலசிங்கத்துக்கு மூளை இருந்தால் ஏன் ஊரார் ஓட்டுற காருக்குள்ள உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்?" என்பார். கோயில் மண்டபத்தில் யாராவது அவரைப் புகழ வாயெடுத்தால், "உவன் ஒரு விசரன் கண்டியளோ" என்று முந்திக்கொள்வார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் அடி கொஞ்சம் குறைவாகப் படும் என்பது அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் வித்தை. கௌரி அவருக்கு வைத்திருக்கும் பட்டம் 'அப்புக்காத்து'. யாழ்ப்பாணத்தில் வக்கீலுக்கு அது பழைய பெயர். சட்டம் படிக்காமல் சட்டம் பேசித் திரிகிறவரைக் குத்துவதற்கும் அதே பெயர்தான். அந்தப் பட்டத்தை அவர் வெகு சந்தோஷமாகவே சுமந்து திரிந்தார், போன தேர்தல் வரைக்கும்.

தேர்தல் வருடம் பிறந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. கோயிலில் பிரசாத வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐடி பையன்கள், "நாங்க இன்னும் சிட்டிசன் ஆகலையே அங்கிள், எங்களுக்கு எப்படி ஓட்டு?" என்று நழுவப் பார்ப்பார்கள். "சிட்டிசன் ஆகத் தேவையில்லை. நிரந்தரமா இருக்கிறதுக்கு விசா இருந்து, இஞ்ச ஒரு வருசம் இருந்தால் காணும்" என்று தட்டை வாங்கி வைத்துக்கொண்டு பாடம் எடுப்பார். விலாசம் மாறியவர்களுக்கு அவரிடம் தனிப்பாடம் உண்டு. எந்தத் தொகுதியில் பதிய வேண்டும் என்று கேட்டால், ஒரே ஒரு விதியைக் கைவசம் வைத்திருந்தார். "எங்க பாய் விரிக்கிறியோ, அங்கதான் வோட்." இந்த விதியை அவர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சொல்லும்போது காதுக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

இத்தனை பித்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதையும் அவர் பகிடியாகத்தான் சொல்வார். முதல்முறை வாக்களிக்கும் வயது வந்தபோது, மடிப்புக் குலையாத சட்டை போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். மேசையில் இருந்தவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட வோட்டைப் போட்டாச்சே" என்றிருக்கிறார். யார் போட்டது என்று கேட்க வழியில்லாத காலம். மை படாத விரலோடு வீடு திரும்பினார். "ஆரோ ஒரு நல்ல மனுசன் குலசிங்கத்துக்காக வெய்யிலுக்குள்ள நிண்டு கஷ்டப்பட்டிருக்கிறான். நன்றி சொல்லக்கூட முடியேல்லை" என்று முடிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அந்தக் கதை முடிந்ததும் தன் விரல் நுனியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

சிந்து அவரிடம் கார் பழக வந்தது இப்படிப்பட்ட ஒரு தேர்தல் வருடத்தில்தான். மதுரைக்காரப் பெண், மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கணவர் ராம்பிரசாத்தும் சின்ன மகளும் லின்ஃபீல்டில் வாடகை வீட்டில் இருந்தார்கள். வேலை தொடங்குவதோ பஸ் ஓடாத விடிகாலையில். லைசன்ஸ் இல்லாத பாவத்துக்கு, வாரநாட்களில் கூட வேலை செய்யும் தோழியின் வீட்டில், வேலைக்குப் பக்கத்திலேயே, படுத்து எழும்பினாள். லின்ஃபீல்டும் மவுண்ட் ஆல்பர்ட்டும் வெவ்வேறு தொகுதி. குலசிங்கம் விடுவாரா?

"படுக்கை எங்க பிள்ளை?"

"வார நாள்ல அங்க, அங்கிள். ஆனா வீடு இங்கதானே? அவரும் பாப்பாவும் இங்கதான இருக்காங்க?"

"வீட்டைக் கேக்கேல்லை. பாய் எங்க?"

"பாய் அங்க."

"அப்ப வோட்டும் அங்க. சட்டம் சட்டம்தான்."

ரவுண்டபவுட்டில் யாருக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லித்தருகிறவர் இதையும் சரியாகத்தான் சொல்வார் என்று அவள் நம்பினாள். லின்ஃபீல்டிலிருந்த பதிவை மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு மாற்றினாள். குலசிங்கம் அன்று முழுக்க ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு இருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதங்களில் குலசிங்கத்தின் பாயும் மவுண்ட் ஆல்பர்ட்டில்தான் விரிந்திருந்தது.

லின்ஃபீல்ட் வீட்டில் மகனும் மருமகளும் இரட்டைக் குழந்தைகளும் பெருகிவிட்டதால், கிழவனும் கிழவியும் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்கு அருகே சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். சாவி கைக்கு வந்தது ஆனி மாதத்தில். ஆனியில் குடிபுகக் கூடாது என்றாள் கௌரி. ஆடி பேசவே வேண்டாம். ஆவணியில் நாள் பார்த்து வைத்திருந்தபோது கனடாவில் அவளுடைய பெரியப்பா மகன் மோசம்போய், சாவுத் தீட்டான துடக்கு வந்துவிட்டது. புரட்டாதி ஆகாது. கடைசியில் ஐப்பசியில் ஒரு நல்ல நாள் கிடைத்தது. ஆனால் லின்ஃபீல்டில் இரட்டையர் இருவரும் முறை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். மனிதர் எவ்வளவு நாள் தூங்காமல் இருப்பார்? கௌரி ஒரு வழி கண்டுபிடித்தாள். "நாங்கள் இன்னும் குடிபுகேல்லை. படுக்கிறதுக்கு மட்டும் போறம்."

அதன்படி நடந்தது. சமையல் லின்ஃபீல்டில், சாப்பாடு லின்ஃபீல்டில், சுவாமி படங்கள் லின்ஃபீல்டில். இரவானால் இருவரும் காரில் ஏறி மவுண்ட் ஆல்பர்ட்டுக்குத் தூங்கப் போனார்கள். புது வீட்டு அடுப்பில் முதலில் பொங்க வேண்டியது பால்; அதுவும் நல்ல நேரத்தில், சுவாமிக்கு முன்னால். அதுவரைக்கும் அந்த அடுப்பு பச்சைத் தண்ணீரைக்கூடச் சுடவைக்கக் கூடாது. கௌரி அடுப்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவைத்திருந்தாள்.

கௌரிக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அந்த வீட்டில் முதல் வாரமே பால் காய்ந்துவிட்டது. இந்தத் தென்கோள நாட்டில் ஆனி ஆடிதான் குளிர்காலம்; அந்த விடிகாலையில் தேத்தண்ணி இல்லாமல் குலசிங்கத்துக்குக் கண் திறக்காது. கௌரி எழும்புவதற்கு முன்பு அவர் பூனைபோல் குசினிக்குப் போவார். வெள்ளைத் துணியை மடித்து வைப்பார். சின்னச் சட்டி ஒன்றில் பாலும் தேயிலையும், கொஞ்சம் இஞ்சியும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கொட்டும் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்று குடிப்பார். பிறகு சட்டியைக் கழுவித் துடைத்து, காரின் பின்பெட்டியில் கூம்புகளுக்கு அடியில் ஒளித்துவைப்பார். துணியைப் பழையபடி போடுவார். கல்யாணமான நாளிலிருந்து கௌரியை அவர் ஏமாற்றிய பெரிய குற்றம் இதுவாகத்தான் இருக்கும். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு மனிதன் தன் வீட்டில் தானே தேத்தண்ணி திருடிக் குடித்தான்.

இந்த நிலையில் தேர்தல் வந்தது, ஐப்பசி நல்ல நாளுக்குக் கொஞ்சம் முந்தி. ஊருக்கெல்லாம் பாய் எங்கே என்று கேட்டவர் தன் பதிவை லின்ஃபீல்டிலேயே விட்டுவைத்தார். கேட்டால், "இன்னும் பால் காய்ச்சேல்லையே" என்றிருப்பார். யாரும் கேட்கவில்லை. பால் கௌரிக்கு நம்பிக்கை. அவருக்கு அது வசதி. லின்ஃபீல்ட் பக்கத்தில் போட்டி கடுமையாக இருந்தது. அவருக்குப் பிடித்த வேட்பாளர் அங்கே நின்றார். அவருக்காக வாக்குச்சாவடியில் முகவராக இருப்பதற்கு இவரும் பெயர் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, யார் வெல்வார் என்று எல்லோருக்கும் தெரிந்த மவுண்ட் ஆல்பர்ட்டில் போய் வாக்களிக்க எந்த விசரனுக்கு மனம் வரும்?

தேர்தல் நாளில் நெஞ்சில் கட்சிப் பட்டியைக் குத்திக்கொண்டு சாவடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சி முகவர், நல்ல மனிதர். இடைவேளையில் இருவரும் பிஸ்கட் பகிர்ந்துகொண்டார்கள். "களைத்துப்போய்த் தெரிகிறீர்களே" என்று அவர் அனுதாபத்தோடு கேட்க, குலசிங்கம் வாய்க்கு வந்த ஒரு சாக்கைச் சொன்னார்: மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் சத்தம், இரவில் சரியான நித்திரை இல்லை. எதிர்க்கட்சி முகவர் இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

முதல் எண்ணிக்கையில் குலசிங்கத்தின் வேட்பாளர் பின்தங்கினார். தொகுதிக்கு வெளியே போட்ட சிறப்பு வாக்குகள் எண்ணி முடிந்ததும் முன்னுக்கு வந்தார். வித்தியாசம் ஏழு வாக்கு. மறுபடி எண்ணினார்கள், அப்போதும் ஏழுதான். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. தொகுதியில் வசிக்காதவர்கள் வாக்களித்திருக்கிறார்கள், அந்த வாக்குகளை நீக்க வேண்டும் என்று ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களில் குலசிங்கத்தின் பெயரும் இருந்தது. பிஸ்கட்டின் ஞாபகம் அவருக்கு அப்போதுதான் வந்தது.

"அப்புக்காத்து தன்ர வாயாலேயே கெட்டார்" என்று கோயிலில் அவரே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். சிரிப்பு நன்றாகத்தான் எழும்பியது. ஆனால் இரவில் அவருக்கு நித்திரை வரவில்லை; ரயில் ஒரு சாக்கு. இந்த நாட்டில் வாக்குச்சீட்டுக்கு எண் உண்டு. நீதிமன்றம் சொன்னால், பெட்டிக்குள்ளிருந்து அவருடைய சீட்டைத் தேடி எடுத்து ஒதுக்கிவைத்துவிடலாம். யார் வென்றார், யார் தோற்றார் என்பதெல்லாம் அவருக்கு மெல்ல மெல்லப் பின்னால் போய்விட்டது. அந்த ஒரு சீட்டு அவருடையது. தன் கையால், தன் விரலால் போட்டது. அது பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

வென்றவரின் வக்கீல், மிகவும் இளையவர், அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். குலசிங்கம் வெட்கத்தோடு, திருட்டுத் தேத்தண்ணியை மட்டும் விட்டுவிட்டு, பால் கதையைச் சொன்னார். வக்கீல் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினார்: குடும்ப உறவு காரணமாகவோ, வீட்டுக் காரணங்களாலோ, சொந்தக் காரணங்களாலோ ஒருவர் எதைத் தன் வீடாகத் தேர்ந்துகொள்கிறாரோ அதுதான் வசிப்பிடம்.

"படுக்கிறதைப் பற்றி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார் குலசிங்கம்.

படுப்பது மட்டும் போதாது என்றார் வக்கீல். பால் காய்ச்சும்வரை அது உங்களுக்கு வீடே இல்லை, மதம் அப்படிச் சொல்கிறது, அந்த அடுப்பில் நெருப்பே மூட்டவில்லை. இதை அப்படியே நீதிமன்றத்தில் சொல்லுங்கள், உங்கள் வாக்கு நிற்கும் என்றார்.

குலசிங்கம் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். வக்கீல் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். அவர் சிரித்தது சிந்துவை நினைத்து. புருசனும் பிள்ளையும் இருந்த வீடுதான் அவளுக்கு வசிப்பிடம். அவளுடைய வாக்கைப் பாயோடு சுருட்டி மவுண்ட் ஆல்பர்ட்டுக்கு அனுப்பிவைத்தது குலசிங்கம் என்ற மகா சட்ட மேதை. அந்த விதியை உருவாக்கியவருக்கே இப்போது அந்த விதி வேண்டாம்.

இதற்குள் ஐப்பசி நல்ல நாளில் முறைப்படி பால் காய்ச்சிக் குடிபுகுந்தாயிற்று; குலசிங்கம் மட்டும் பழைய பழக்கத்தில் விடிகாலையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் திருட்டுத் தேத்தண்ணி குடித்து, சட்டியைக் கூம்புகளுக்கு அடியிலேயே வைத்துவந்தார். வழக்கு நாள் காலை சிந்துவுக்குப் பாடம் இருந்தது. பாடத்தை ரத்துச் செய்தால் அவளுக்குப் பரீட்சை தள்ளிப்போகும். நகரத்துக்குள் ஓட்டிப் பழகினமாதிரியும் இருக்கட்டும் என்று, அவளையே ஹைகோர்ட்டுக்கு ஓட்டச் சொன்னார். கௌரி நல்ல சேலை உடுத்திப் பின் இருக்கையில் ஏறினாள். தன்னுடைய பால் ஹைகோர்ட் வரைக்கும் போகிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டொமினியன் ரோட்டில் வரும்போது சிந்து விஷயத்தைக் கேட்டாள். குலசிங்கம் சொன்னார். சிக்னல் வந்ததும் ஒழுங்காக நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப என் ஓட்டு லின்ஃபீல்ட்லயே இருந்திருக்கலாமா அங்கிள்?"

"ஓம்."

"நான் அப்பவே சொன்னேன்ல, வீடு இங்கதான்னு?"

"ஓம், சொன்னனீ. குலசிங்கம் எண்ட மடையன்தான் கேக்கேல்லை. என்ன செய்யிறது, அவனுக்கு மூளை..."

"சிரிக்காதீங்க அங்கிள்." அவள் குரல் உயரவில்லை. "இந்த நாட்டுல நான் போட்ட மொத ஓட்டு அது. எனக்குன்னா பாய், உங்களுக்குன்னா பாலா?"

குலசிங்கத்தின் கால் பிரேக்கை அழுத்தியது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"பால் காய்ச்சாமல் எப்பிடிப் பிள்ளை வீடெண்டு சொல்லுறது?" என்றாள் கௌரி, பின்னாலிருந்து. "உங்கட ஊரிலயும் காய்ச்சுவினம்தானே?"

"காய்ச்சுவோம் ஆன்ட்டி. ஆனா அது வரைக்கும் போய்ப் படுக்க மாட்டோம்."

பச்சை விழுந்தது.

மூன்று நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிக் கூண்டு குலசிங்கம் நினைத்ததைவிடச் சின்னது. ஏறக்குறைய ஒரு காரின் முன் இருக்கை அளவு. கௌரியும் சிந்துவும் பார்வையாளர் பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உண்மை பேசுவேன் என்று உறுதி சொன்னார். இளம் வக்கீல் கேட்கக் கேட்க, பாலைப் பற்றியும் ஆனி ஆடி பற்றியும் துடக்கைப் பற்றியும் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். நடுவில் இருந்த நீதிபதி மிகுந்த அக்கறையோடு எழுதிக்கொண்டார். கௌரி தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, மென்மையாகப் பேசும் பெண்மணி. குதர்க்கமாக எதுவும் கேட்கவில்லை. தான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பார்க்கிற மாதிரித்தான் கேட்டார்.

"அப்படியானால், அந்த நல்ல நாள் வரும்வரை அந்தச் சமையலறையில் எதுவுமே சூடாக்கப்படவில்லை, இல்லையா?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் சீட்டு பெட்டிக்குள் இருக்கும். கூம்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சட்டியை இந்த உலகத்தில் யாரும் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போவதில்லை. கூண்டுக்குள் குலசிங்கத்தின் வலது கால் பலகையை அழுத்தியது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. மறுபக்கம் சிந்து, கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் பார்க்கிற அதே கவனத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி" என்றார் குலசிங்கம், தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். "தேநீர். நான் போட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில். பால் விட்டு."

பெண்மணி மெதுவாகக் கேட்டார்: "உங்களைப் பொறுத்தவரை, அது உங்கள் வீடா?"

முதல் இரவே அந்த வீட்டில் நன்றாகத் தூங்கினேன் என்றார் குலசிங்கம். ரயில் சத்தம் என்று தான் சொன்னது சும்மா. பழகிய பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வராது. தன் செருப்பும் கதிரையும் கண்ணாடிக்கூடும் அங்கேதான் கிடந்தன. பால் தன் மனைவிக்கு. தனக்கு அது வீடுதான். இவ்வளவையும் அவர் 'நான்' என்று தொடங்கித்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. பார்வையாளர் பகுதியில் கௌரி சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு பிறகு வரும் என்றார்கள். இளம் வக்கீல் கைகுலுக்கினார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. மூவரும் கார் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். கௌரி பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எந்தச் சட்டியில?" என்று கேட்டாள்.

"சின்னச் சட்டி. கூம்புப் பெட்டிக்குள்ள கிடக்கு."

"இஞ்சி போட்டோ?"

"ஓம்."

"நான் பக்கத்து வீட்டு மணமெண்டு நினைச்சன்" என்றாள் கௌரி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளையிலிருந்து ஜன்னலைத் திறக்காதேங்கோ. சளி பிடிக்கும்."

சிந்து பெல்ட்டைப் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். குலசிங்கம் முன்னால் பார்த்துக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்:

"அங்க என்ர வோட்டை ஆரோ போட்டான். இஞ்ச என்ர வோட்டை நானே எடுத்துக் குடுத்திட்டன்."

இதைப் பகிடியாகச் சொல்ல அவருக்குச் சுலபமாக வந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்லவில்லை. சிந்து அவரைப் பார்த்தாள்.

"போலாமா அங்கிள்? மோட்டார்வேல போகணும். நான் இதுக்கு முன்னாடி போனதில்ல."

"போ."

சரிவில் இறங்கி கார் வேகம் எடுத்தது. வலப்பக்கம் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சிந்து ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலாகத் திரும்பியும் பார்த்தாள், சிக்னல் போட்டாள். குலசிங்கம் தன் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். எடுத்து, இடது காலோடு சேர்த்து இருக்கைக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டார்.